உரசினால் கொப்புளிக்கும் தோல்

குழந்தையின் அரைஞாண் கயிறு உரசிய இடமெல்லாம் தீச்சுட்டாற்போல் கொப்புளம் எழுந்தால் என்ன நினைப்பீர்கள்? அம்மை என்று வேப்பிலை தேடுவோர் நம் கொங்கு நாட்டில் இன்றும் உண்டு. இது அம்மையன்று, பிறருக்குத் தொற்றவும் தொற்றாது. ‘எபிடெர்மோலிசிஸ் புல்லோசா’ என்னும் அரிய பரம்பரை நோய்.

மேல்தோலை உள்தோலுடன் பிணைப்பவை நுண்ணிய புரத இழைகள். மரபணுக் குறையால் அவை நலிந்தால், அடுக்குகள் வழுக்கிப் பிரிந்து இடையில் நீர் கோக்கும். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தோல் நேரான அழுத்தத்தை ஓரளவு தாங்கும்; பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. ஆகவே குழந்தையை அக்குளில் பற்றித் தூக்காதீர்கள். பிட்டத்திலும் பிடரியிலும் கை கொடுத்து, மெத்தென்ற துணியோடு தூக்குங்கள். கயிறும் கொலுசும் வேண்டா. ஒட்டும் பிளாஸ்திரி கூடவே கூடாது. கொப்புளத்தை அப்படியே விட்டால் பரவும். தூய ஊசியால் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் விடவேண்டும். செவிலியரிடம் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

சில வகைகளில் பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். குறையுள்ள மரபணுவை இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அக்காள் மகள் மணங்களில் இது கூடும். (தாயை மட்டும் பழிக்கும் மாமியார்கள் கவனிக்க!) ஒரு வகைக்கு, ‘கொலாஜன் 7’ மரபணுவைப் புண்ணிலேயே சேர்க்கும் பூச்சு மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் வீட்டில் இப்போதைக்கு வாசலின் தடவிய ஒட்டாத துணிக்கட்டுத்தான்.