இரவல் தர முடியாத விளையாட்டு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கினைக் கூறுமிடத்து, செல்வத்தோடும் அறிவோடும் விளையாட்டையும் ஒன்றாக வைத்து எண்ணினார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றிலுக்கும் சிறுபறைக்கும் சிறுதேருக்கும், பெண்பாற் பிள்ளைத்தமிழாயின் அம்மானைக்கும் ஊசலுக்கும் தனித்தனிப் பருவங்களை வகுத்தனர். விளையாட்டை இலக்கியத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவைப்பது நம் முன்னோர் வழக்கமன்று. ஆகவே, இலக்கியத்துக்கென அமைந்த இப்பக்கத்தில் வீடியோ விளையாட்டைப் பற்றியும், அதனை ஆடுதற்குரிய பெட்டியின் எதிர்காலத்தைப் பற்றியும் எழுத நான் தயங்கவில்லை.

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் அப்பெட்டியைக் 'கொன்சோல்' என்பர். ரால்ஃப் பேயர் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 1972ஆம் ஆண்டில் 'மக்னவொக்ஸ் ஒடிசி' என்ற முதற்பெட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கியோட்டோ நகரில் 1889இல் சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலைத் தொடங்கிய நின்டெண்டோ, 1983இல் தன் புகழ்பெற்ற பெட்டியை ஜப்பானில் வெளியிட்டது. 1994இல் சோனியின் பிளேஸ்டேஷனும் 2001இல் மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸும் தோன்றின. 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பிளேஸ்டேஷன் மட்டும் 15 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 2023 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட், 'அக்டிவிஷன் பிளிசார்ட்' என்ற விளையாட்டு நிறுவனத்தை ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு வாங்கியது. சிறுவர் பொழுதுபோக்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் தொழில் எத்துணைப் பெரிதாகிவிட்டது என்பதற்கு இவ்வொரு கணக்கே போதும்.

இப்பெட்டியின் எதிர்காலம் குறித்து அறிந்தோரிடையே மூன்று கருத்துக்கள் உள்ளன. வலிமை மிக்க புதிய பெட்டிகள் தலைமுறைதோறும் வந்துகொண்டே இருக்கும் என்பர் ஒரு சாரார். பெட்டியே தேவையில்லை, எங்கோ உள்ள பெருங்கணினியில் ஆட்டம் நிகழும், அதன் காட்சி மட்டும் இணையவழியே நம் திரைக்கு வந்துசேரும் என்பர் மற்றொரு சாரார். கைத்தொலைபேசி அனைத்தையும் விழுங்கிவிடும் என்பது மூன்றாம் கருத்து. இம்மூன்றும் விற்போரின் நிலையில் நின்று பேசுவன. வாங்குவோன் நிலையில், அதிலும் வாங்க முடியாதவன் நிலையில் நின்று இதனை நோக்குதல் வேண்டும் என்பது என் கருத்து.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியை நோக்கிச் செல்லும் பெருவீதியில் உள்ளது கொடகவெல. அதனைச் சூழ்ந்த சப்பிரகமுவத் தோட்டங்களின் லயங்களிலிருந்து பார்த்தால் இக்கணக்கு வேறுவிதமாகத் தோன்றும். ஐந்தாம் பிளேஸ்டேஷன் 2020 நவம்பரில் 499 டொலர் விலையில் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தீர்வை எதுவும் சேராமலே அது ஏறத்தாழ 150,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அச்சம்பளத்தை உண்ணாமலும் உடுக்காமலும் சேர்த்துவைத்தாலும் அப்பெட்டியின் விலை 111 நாள் கொழுந்து பறித்த கூலியாக இருந்தது.

இரண்டாம் கருத்தாகிய இணையவழி ஆட்டமும் இங்கு எளிதன்று. ஆடுபவர் ஒரு பொத்தானை அழுத்தினால், அச்செய்தி தொலைவிலுள்ள கணினிக்குச் சென்று, காட்சியாக மாறித் திரும்ப வேண்டும். இடையில் சிறிது தாமதம் நேர்ந்தாலும் ஆட்டம் கெடும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பாடக்குறிப்பைப் பெறுவதற்கே சிக்னல் தேடி மலைமேட்டில் ஏறிய பிள்ளைகள் இந்நாட்டில் பலர். அவர்களிடம் சென்று பெட்டியின்றி ஆடலாம் என்பது, கிணறு இல்லாதவனுக்குக் குழாய் விற்பது போன்றதாகும். பெருநிறுவனமாகிய கூகுளே 2019 நவம்பரில் தொடங்கிய 'ஸ்டேடியா' என்ற இத்தகைய சேவையை 2023 ஜனவரியில் மூடிவிட்டது. வாங்கியோருக்கு அது பணத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. ஆயினும் ஆட்டம் திரும்பவில்லை.

எஞ்சியிருப்பது கைத்தொலைபேசி. எம் பகுதி மாணவரிடம் நான் காண்பதும் அதுவே. வீட்டில் உள்ள ஒரே தொலைபேசியை அண்ணன், தங்கை, தம்பி என்று முறைவைத்து ஆடுகின்றனர். இலவசம் என்ற பெயரில் உள்ளே வரும் ஆட்டங்கள், நடுவழியில் காசு கேட்டு நிற்கின்றன. அப்படியாயின் கொன்சோலின் எதிர்காலம் நமக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை 'இரவல்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

வறியவர் வீட்டுக்குக் கலை எவ்வழியாக வந்தது என்பதை மலையக வரலாறு நன்கு கூறும். கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளரின் துயரைப் பாட்டாக எழுதி, 1940இல் சிறுநூலாக வெளியிட்டார். அவ்வாறான சிறுநூலை லயத்தில் ஒருவர் வாங்கினால் போதும். எழுத்தறிந்தவர் பாடுவார், எழுத்தறியாதவர் கேட்டுப் பாடம் செய்வார், நூல் அடுத்த லயத்துக்குச் செல்லும். பத்திரிகையும் அவ்வாறே பத்துக் கை மாறிக் கிழிந்த பின்னரே அடுப்பங்கரைக்குப் போகும். நம்மிடம் பணம் இருந்ததால் நாம் வாசிக்கவில்லை. அண்டை வீட்டார் இரவல் தந்ததால் வாசித்தோம்.

விளையாட்டும் ஒருகாலத்தில் அவ்வாறே இருந்தது. இறுவட்டாகவோ தகடாகவோ வாங்கிய ஆட்டத்தை நண்பனுக்குக் கொடுக்கலாம். ஆடி முடித்தபின் பாதி விலைக்கு விற்கலாம். 2013ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ட் தன் புதிய எக்ஸ்பொக்ஸ் பெட்டிக்கு, ஆட்டங்களைக் கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் விதிகளை அறிவித்தது. மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. போட்டி நிறுவனமாகிய சோனி, நண்பருக்கு ஆட்டத்தை எவ்வாறு இரவல் தருவது என்பதை விளக்கும் ஒரு சிறு படத்தை வெளியிட்டது. ஒருவர் இறுவட்டை நீட்டுகிறார், மற்றவர் பெற்றுக்கொள்கிறார், விளக்கம் அவ்வளவே. உலகம் நகைத்தது. மைக்ரோசொஃப்ட் சில நாட்களில் அவ்விதிகளைக் கைவிட்டது.

அன்று அறிவிப்பால் முடியாதது, பின்னர் வசதி என்ற பெயரால் சிறிது சிறிதாக நடந்தேறிவருகிறது. அதே சோனி 2020இல் இறுவட்டு வாயில் இல்லாத ஒரு பெட்டியையும் வெளியிட்டது. 2024 நவம்பரில் வந்த அதன் விலையுயர்ந்த 'புரோ' பெட்டியில் அவ்வாயிலைத் தனியே விலை கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோவின் 'சுவிட்ச் 2' பெட்டிக்குச் சில ஆட்டங்கள் சாவி அட்டையாக மட்டுமே விற்கப்படுகின்றன. அட்டையில் ஆட்டம் இல்லை. அதனைச் செருகி, ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அவ்வட்டையை இரவல் தரலாம் என்பது உண்மையே. ஆனால் இறக்கித் தரும் களஞ்சியம் மூடப்படும் நாளில், சாவி மட்டும் கையிலிருக்கும், வீடு இராது.

களஞ்சியங்கள் மூடப்படுவது கற்பனையான அச்சமன்று. நின்டெண்டோ தன் பழைய பெட்டிகள் இரண்டின் இணையக் கடைகளை 2023 மார்ச்சில் மூடியது. 2014இல் யூபிசொஃப்ட் வெளியிட்ட 'த குரூ' என்ற வாகனப் பந்தய ஆட்டத்தின் சேவை 2024 மார்ச்சுடன் நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியவரும் அதனைத் தனித்துக்கூட ஆட முடியவில்லை. இதன்பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுந்த மக்கள் விண்ணப்பத்தில் 2025 ஜூலைக்குள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் நூற்றுக்கு 87 பங்கு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று, வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

தமிழ் கற்போர்க்கு இச்செய்தி புதியதன்று. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் அச்சேற்றினர். அவர்களுடைய புலமையைப் போற்றும் நாம், அவர்களுக்கு ஏடு கொடுத்தவர்களை மறந்துவிடுகிறோம். ஊர்தோறும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஏடு இருந்தது. கேட்டபோது அதனைக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. அவ்வேடு எழுதியோன் களஞ்சியத்திலேயே பூட்டப்பட்டிருந்து, களஞ்சியம் மூடிய நாளில் மறைந்திருந்தால், எந்தப் பதிப்பாசிரியரால் என்ன செய்திருக்க முடியும்?

இங்கே மறுபக்கத்தையும் கூறுதல் முறை. கைமாறும் இறுவட்டினால் ஆட்டத்தை உருவாக்கியவனுக்கு ஒரு காசும் கிட்டுவதில்லை. கள்ளப்பிரதிகள் நம் நகரங்களின் வீதியோரங்களில் மலிந்திருந்த காலமும் உண்டு. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. நின்டெண்டோவின் பழைய பெட்டிக்கு ஆட்டம் செய்ய விரும்பியவர், அந்நிறுவனத்தின் அனுமதி பெற்று, தகட்டுக்கு முன்பணமும் செலுத்த வேண்டியிருந்தது. சிறு குழுக்களுக்கு அவ்வாயில் அடைபட்டிருந்தது. இணையக் கடையே அவர்களுக்கு அதனைத் திறந்துவிட்டது. அவ்வாறு வந்தவற்றுள் ஒன்றுதான் 'வெண்பா'.

கனடாவின் ரொறன்ரோ நகரில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழுவினர் உருவாக்கி, 2023 ஜூலை 31இல் வெளியிட்ட ஆட்டம் அது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண் வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. வாளும் துப்பாக்கியும் அதில் இல்லை. தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்டலித் தட்டுக்களை எவ்வாறு அடுக்கினால் ஆவி செல்லும் என்பது போன்ற விடுபட்ட படிகளை ஆடுபவரே ஆராய்ந்து நிரப்ப வேண்டும். தமிழிலிருந்து விலகி வளரும் மகன், பின்னாளில் அச்சமையலின் வழியே தாயை அறிந்துகொள்கிறான். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சிறு ஆட்டம் 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதற்பரிசையும், பிரித்தானியத் திரைப்படக் கழகமான 'பாஃப்டா'வின் அறிமுக ஆட்டத்துக்கான விருதையும் பெற்றது. தமிழ் வீட்டு அடுப்பங்கரையை உலகம் இவ்வாறு பார்த்தது மகிழ்ச்சிக்குரியது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கதையின் உயிர், தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து மகனுக்கும் கைமாறிய ஓர் ஏடு. அக்கதையைச் சொல்லும் ஆட்டத்தை இணையக் கடையில் வாங்கிய தந்தை, முப்பது ஆண்டுகளின் பின் அதனைத் தன் மகள் கையில் கொடுக்க முடியுமா? கடை அவருக்கு விற்றது ஆட்டத்தை அன்று; ஆடுவதற்குரிய அனுமதியை மட்டுமே. கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி, 2025இல் நடைமுறைப்படுத்திய சட்டம், இணையக் கடைகள் இவ்வுண்மையை வாங்குவோரிடம் வெளிப்படையாகக் கூற வேண்டும் என்கிறது. கூறுவது நன்று. கூறிவிட்டால் மட்டும் குறை தீராது.

இணையத்தில் வாங்கியதை இரவல் தரமுடியாது என்பது பொறியியலின் குறையுமன்று. நின்டெண்டோ 2025இல், அவ்வாறு வாங்கிய ஆட்டத்தைக் குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு இரண்டு வாரம் இரவல் தரும் முறையைக் கொண்டுவந்தது. இரவல் கொடுத்த நாட்களில் உரியவர் அதனை ஆட முடியாது. நம் நூலகங்களின் முறையும் இதுவே அன்றோ? குடும்பத்துக்குள் இயல்வது, விதி அமைந்தால் ஊர் நூலகத்துக்கும் இயலும். ஆனால் தொலைவிலுள்ள ஆராய்ச்சியாளர்க்குப் பழைய ஆட்டங்களை நூலகங்கள் இணையவழி வழங்குவதற்குக்கூட, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் அனுமதி மறுத்துவிட்டது. தடையாக நிற்பது இயந்திரமன்று, விதியே.

எனவே கொன்சோலின் எதிர்காலம் அதன் வேகத்திலோ திரையின் ஒளியிலோ இல்லை என்பதே என் முடிபு. விற்ற பொருளை வாங்கியவன் பிறனுக்குக் கொடுக்கவும், நிறுவனம் சேவையை நிறுத்தும் நாளில் தனித்து ஆடக்கூடிய வடிவில் அதனை விட்டுச்செல்லவும், நூலகங்கள் அதனைச் சட்டப்படி காத்து வழங்கவும் இடம் உண்டாயின், பெட்டி எவ்வடிவில் வந்தாலும் நன்றே. இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1885ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், ஈழத்து நூல்களையும் மலையக நூல்களையும் எண்ணிம வடிவில் காத்துவருகிறது. நூலுக்குச் செய்ததை விளையாட்டுக்கும் செய்வது நமக்குப் புதிய வழக்கமாகாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவேன். மாணவன் கையிலுள்ள ஆட்டத்தைப் பறித்து ஒளித்துவைப்பதற்கு முன்னர், அதனை யார் செய்தார், எம்மொழியில் செய்தார், அது யாருக்குச் சொந்தம் என்ற மூன்று வினாக்களை அவனிடம் கேட்டுப் பாருங்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளுள் ஒருவர் நாளை காமன் கூத்தையோ பெரட்டுக் களத்தையோ ஓர் ஆட்டமாக உருவாக்கக்கூடும். அதனை விலைக்கு வாங்கச் சிலரால்தான் இயலும். மற்றவர்க்கு அது சென்றடைய வேண்டுமாயின், அடுத்த லயத்துக்கு இரவல் கொடுக்கும் உரிமை அன்றும் இருத்தல் வேண்டும்.