மார்பக அடர்த்தி: ரிப்போட்டில் கேட்க வேண்டிய கேள்வி

குண்டசாலையில் வாழும் ஒரு பெண்ணின் மார்பகப் பரிசோதனை பெரும்பாலும் மமோகிராமில் தொடங்குவதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில்தான் தொடங்குகிறது. 1996 இல் இலங்கையில் ஆரம்பித்த இந்தச் சேவைக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைக்கிறார்கள். பிரஷர், சீனி, கருப்பைக் கழுத்து ஆகியவற்றோடு மார்பகத்தையும் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். கட்டணம் இல்லை. குறிப்பிட்ட வயது வந்ததும் எல்லாப் பெண்களையும் மமோகிராமுக்கு அழைக்கும் தேசியத் திட்டம் இந்நாட்டில் கிடையாது.

கையால் பார்ப்பதில் என்ன கண்டுவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு மும்பையிலிருந்து பதில் உண்டு. டாட்டா நினைவு மருத்துவமனை 1998 இல் தொடங்கி, ஒன்றரை இலட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த குழுவில், 50 வயதைக் கடந்த பெண்களின் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. 50க்குக் கீழ் அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கட்டி தென்பட்டாலோ, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்நோய் இருந்தாலோ மமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். சிலர் கண்டிக்குப் போய்த் தனியாரிடம் காசு கட்டியும் எடுக்கிறார்கள். ரிப்போட்டில் 'நோர்மல்' என்று கண்டதும் மனம் ஆறிவிடுகிறது. மார்பக அடர்த்தியை அறிந்துகொள்ள வேண்டிய இடம் அதுதான்.

மார்பகத்தில் கொழுப்பும் சுரப்பித் திசுவும் நாரிழையும் கலந்திருக்கின்றன. மமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரிழையும் வெள்ளை, புற்றுக்கட்டியும் வெள்ளை. திசு அடர்ந்த மார்பகத்தில் கட்டியைத் தேடுவது, ஹந்தானையில் மூடுபனி இறங்கிய காலையில் வெள்ளைக் கொக்கைத் தேடுவது போலத்தான். இந்த அடர்த்தி நோயல்ல, நாற்பதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருப்பது. இளவயதினரிடமும் ஆசியப் பெண்களிடமும் இன்னும் அதிகம். தொட்டுப் பார்த்து அடர்த்தியை அறிய முடியாது. இறுக்கமாகவோ தளர்வாகவோ இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. படத்தைப் பார்க்கும் வைத்தியர்தான் ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறார். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. அந்தத் தரத்தில் கட்டி மறைவது மட்டுமல்ல, நோய் வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ வருடம் தவறாமல் மமோகிராம் எடுத்தவர். கடைசி ரிப்போட்டும் நோர்மல்தான். சில வாரங்களுக்குள், 2004 இல், அவருடைய வைத்தியரின் கைக்கு ஒரு தடிப்புத் தட்டுப்பட்டது. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. அதற்குள் நோய் 13 நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. தன் மார்பகம் அடர்த்தியானது என்பதை யாரும் முன்பே சொல்லவில்லையே என்ற ஆற்றாமையோடு அவர் போராடினார். 2009 இல் அடர்த்தியைப் பெண்ணுக்குத் தெரிவிக்கும் சட்டம் அம்மாநிலத்தில் வந்தது. 2018 இல் அவர் இறந்தார். 2024 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா முழுவதும் அது கட்டாயம்.

அடர்த்தி என்றதும் எல்லோரும் எம்ஆர்ஐக்கு ஓட வேண்டியதில்லை. மிக அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐயும் சேர்த்தபோது, இரு பரிசோதனைகளுக்கு இடையில் தலைகாட்டும் புற்றுநோய்கள் குறைந்ததை நெதர்லாந்து ஆய்வொன்று 2019 இல் காட்டியது. ஆனால் கூடுதல் ஸ்கேன்கள் புற்றல்லாததையும் புற்றெனச் சந்தேகிக்க வைக்கும். வீண் பயமும் ஊசிப் பரிசோதனையும் தொடரும். வயதையும் குடும்ப வரலாற்றையும் வைத்து வைத்தியருடன் பேசி முடிவெடுப்பதே சரி.

திகன, மெனிக்கின்ன, பல்லேகலைப் பக்கத்துச் சகோதரிகளே, 35 ஆகிவிட்டதென்றால் உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள். மமோகிராம் எடுத்திருந்தால் "என் அடர்த்தி எந்தத் தரம், டொக்டர்?" என்று கேளுங்கள். கைக்குக் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, ரிப்போட் நோர்மல் என்றாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். திரும்பவும் வைத்தியரிடம் போங்கள்.