மெய்யும் உணர்வும்: மாயவெளியில் ஒரு சோதனை

உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர் தமிழிலக்கணநூலார். தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைத்தார். அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884ஆம் ஆண்டில் இத்தொடர்பை மறுதலையாக நோக்கினார். உடலில் நிகழும் மாற்றத்தை உணர்தலே உணர்ச்சி என்பது அவர் துணிபு. அஃதாயின், உடலியக்கத்தை மாற்றுவதன்மூலம் உணர்ச்சியையும் மாற்றலாமன்றோ?

இவ்வினாவை ஆராய்தற்குக் கனடியக் கலைஞர் சார் டேவிஸ் 1995இல் மொன்றியல் நகரிற் காட்சிக்கு வைத்த 'ஒஸ்மோஸ்' தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கணினியாற் படைக்கப்பெற்ற அம்மாயவெளியிற் புகுந்தோர், கண்முன் காட்சிகாட்டும் தலைக்கவசத்தையும், மார்பின் விரிவையும் முதுகின் சாய்வையும் அளக்கும் மேலங்கியையும் அணிந்தனர். மூச்சை உள்ளிழுத்தபோது மேலெழுந்தனர், வெளிவிட்டபோது தாழ்ந்தனர், உடல் சாய்ந்த திசையிற் சென்றனர். கையாற் செலுத்தும் கருவி யாதும் இல்லை. டேவிஸ் நீர்மூழ்கும் பழக்கமுடையவர். மூழ்குவோர் மூச்சினால் நீரில் ஏறியிறங்குதலே இம்முறைக்கு அடிப்படையாயிற்று.

பலர் முதலில் எல்லாவற்றையும் விரைந்து காண முயன்றனர். ஆயின் அவ்வெளி விரைவுக்கு இடந்தரவில்லை. மூச்சுச் சீர்ப்படவே, மரம், இலை, குளம் ஆகியவற்றினூடே மிதந்தவர்தம் பரபரப்பும் அடங்கிற்று. வெளிவந்தபின் கண்ணீர் விட்டோரும் உளர்.

ஜேம்ஸின் கொள்கைக்கு இது முடிந்த சான்றாகாது. ஒளியும் ஒலியும் அவ்வமைதிக்குத் துணைபுரிந்தன. எனினும், பொறிகள் உடலை மறக்கச் செய்வன என்னும் பொதுக்கருத்தை இச்சோதனை திருத்துகின்றது. விரல்நுனியை மாத்திரம் வேண்டும் பொறி அத்தகையதே. மூச்சை வேண்டும் பொறியோ, மறந்த உடலை மனிதனுக்கு நினைவூட்டுகின்றது.