கோடியக்கரையில் வலசைக் காலம்

வங்கக் கடலோரமாகத் தெற்கே இறங்கிவரும் சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்தை அடுத்த இப்பகுதி 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் வலசைப் பறவைகள் இறங்கத் தொடங்குகின்றன. கோடையில் வறண்டு உப்புப் பூத்துக் கிடக்கும் சதுப்பில் மழைநீர் கலந்ததும் உவர்ப்பு குறைகிறது. புழுக்களும் சிறு நத்தைகளும் இறால் இனங்களும் பெருகுகின்றன. எந்தப் பறவை எங்கே மேயும் என்பதைத் தண்ணீரின் ஆழமே முடிவு செய்கிறது. கொசு உள்ளான் நீர் விளிம்பை விட்டு அதிகம் நகராது. ஈரச் சேற்றை ஓயாமல் கொத்தியபடி ஓடும். கருவால் மூக்கன் வயிறு நனையும் வரை இறங்கி, நீண்ட அலகைச் சேற்றுக்குள் செலுத்தும். அதையும் தாண்டிய ஆழத்தில் பூநாரைகள் நிற்கும். அவை தலையைக் கவிழ்த்து, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளி, அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற அமைப்பில் இரையை வடிகட்டுகின்றன. மழை பொய்த்தால் சதுப்பு காய்ந்துவிடும். அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் சின்னக் கால்களுக்கு நிற்க இடமிருக்காது. இரண்டுமே பறவைகளுக்குக் கெடுதல்தான்.

இவற்றில் மிகவும் வியப்பளிப்பது கொசு உள்ளான். முப்பது கிராம்கூடத் தேறாத இப்பறவை ஆர்க்டிக் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, வலசைப் பாதைகளை ஆராய்ந்துள்ளனர்.

சதுப்பை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காட்டில் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிப் பூச்சி தேடும். புள்ளிமானும் நரியும் உண்டு. மழையில் துளிர்த்த புல்வெளியில் வெளிமான் கூட்டங்கள் மேயும். வளர்ந்த கிடாவுக்குக் கருத்த முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கிய கொம்பு. திறந்த வெளியில் ஓடித் தப்பும் இந்த மானுக்கு, புல்வெளியை அடைத்துப் பரவும் சீமைக்கருவேலம் பெரும் பகை. அதை ஒருமுறை வெட்டினால் போதாது, திரும்பத் திரும்ப அகற்றியே ஆகவேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம், அதிகாலை சிறந்தது. இருநோக்கி அவசியம். படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட வேண்டாம். திரும்பிச் செல்லும் பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பு அப்படிப் பறப்பதிலேயே கரைந்துவிடும்.