வெயிட் தூக்க வயசு ஒரு தடையா? – சந்தேகங்களும் விளக்கங்களும்

ஊரே நடக்கிறது. கடற்கரை, பூங்கா, கல்லூரி மைதானம் எங்கும் விடிவதற்கு முன்பே கூட்டம். தமிழக அரசும் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கிவைத்தது. அந்த நடைக்காரர்களில் யாரையாவது நிறுத்தி, ‘வாரத்துக்கு ரெண்டு நாள் வெயிட்டும் தூக்கலாமே’ என்று சொல்லிப் பாருங்கள். ‘அதெல்லாம் வாலிபப் பசங்க சமாச்சாரம் சார்’ என்று சிரித்துக்கொண்டே நடையைக் கட்டிவிடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு இரண்டு கடமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் லேசாக மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு. அதோடு வாரத்தில் 2 நாளாவது முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவேற்றும் பயிற்சி. முதலாவது நம் ஊரில் பரவிவிட்டது. இரண்டாவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே சந்தேகங்கள் கிளம்புகின்றன.

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதாதா?

இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது, நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்கள் சுமந்து நடக்கும் எடை, இன்றைக்கும் அடுத்த வருஷமும் அதே உங்கள் உடம்பு எடைதான். கால்கள் அதற்குப் பழகிய பிறகு மேலும் வலுவடைய அவற்றுக்குக் காரணம் இல்லை. தோள், முதுகு, கை ஆகியவற்றுக்கோ நடையில் வேலையே கிடையாது.

30 வயதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. 60க்கு மேல் இந்த வேகம் கூடுகிறது. முதுமையோடு வரும் இந்தத் தசை இழப்புக்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘சார்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். நமக்கு இது தரையில் உட்கார்ந்து எழும்போது தெரியும். பந்தியில் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கப் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தேடுவது, இந்தியன் டாய்லெட்டைக் கண்டாலே பயப்படுவது, பஸ் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுப்பது எல்லாம் அதன் அறிகுறிகள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, 60 முதல் 64 வயதில் ஆண்கள் 14க்கும் பெண்கள் 12க்கும் கீழே இருந்தால் சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74 வயதில் அந்த எண்ணிக்கை 12, 10. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்ஜியம்.

எனக்கு 68 வயசு. இனிமேல் தூக்கி என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்வியைப் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் கேட்டு, பதிலும் கண்டுபிடித்துவிட்டார்கள். மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றவர்கள் 10 பேர். சராசரி வயது 90. திடகாத்திரமானவர்களைப் பொறுக்கி எடுக்கவில்லை, தளர்ந்துபோனவர்கள்தான். பூப்போன்ற எடையைக் கொடுத்துச் சமாதானப்படுத்தவும் இல்லை. ஒருவரால் ஒரே ஒரு முறை அதிகபட்சமாக எவ்வளவு தூக்க முடியுமோ அதில் 80 சதவீதத்தை முழங்காலை நீட்டித் தூக்க வைத்தார்கள். வாரம் 3 நாள், 8 வாரம். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

பத்துப் பேரை வைத்துச் சொல்லிவிடலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதே குழு 1994இல் 100 பேரிடம், சராசரி வயது 87, மறுபடி செய்து பார்த்தது. அங்கும் 10 வாரத்தில் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

முதல் சில வாரங்களில் கிடைக்கும் வலுவில் பெரும்பங்கு தசை பெருப்பதால் வருவதல்ல. சும்மா கிடந்த தசை நார்களை மூளையும் நரம்பும் மறுபடி வேலைக்குக் கூப்பிடுவதால் வருவது. 68 வயதிலும் அந்த அழைப்பு வேலை செய்யும்.

தண்ணீர்க் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை என்று நாள் முழுக்கத் தூக்குகிறோமே. தனியாக வேறு எதற்கு?

கணக்குப் போட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 15 கிலோ. சமையல் கேஸ் சிலிண்டர், உள்ளிருக்கும் 14.2 கிலோவையும் இரும்பையும் சேர்த்து 30 கிலோவை ஒட்டி வரும். அரிசி மூட்டை 25 கிலோவாக இருந்தது, ஜிஎஸ்டி புண்ணியத்தில் பல கடைகளில் 26 ஆகிவிட்டது. ‘எனக்கு 5 கிலோ டம்பெல்லா!’ என்று பதறும் அம்மாக்கள் இதையெல்லாம் இடுப்பில் வைத்து மாடி ஏறுகிறவர்கள்தான்.

ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. குடம் எப்போதும் அதே பக்க இடுப்பில் ஏறுகிறது. சித்தாளின் தலையில் ஏறும் செங்கல் அவர் உடம்புக்கு ஏற்ற அளவில் கூடுவதில்லை, மேஸ்திரியின் அவசரத்துக்கு ஏற்றபடிதான் கூடும். நடுவே ஓய்வும் கிடையாது. பயிற்சியில் எடையும் எண்ணிக்கையும் ஓய்வும் உங்கள் கையில். கட்டட வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவரிடம் போய் ‘ஜிம்முக்கு வாங்க’ என்று உபதேசம் செய்வது அபத்தம். அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓய்வும் சாப்பாடும். உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு குடம் தூக்கியதைக் கணக்குக் காட்டும் நமக்குத்தான் இந்தப் பதில்.

எவ்வளவு எடை, எத்தனை தடவை?

எந்த ஜிம்முக்குப் போனாலும் ‘மூணு செட், பத்து ரெப்ஸ்’ என்பார்கள். இந்த வழக்கத்தை நிலைநிறுத்தியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காலில் அடிபட்டு வந்த வீரர்களுக்கு அதுவரை லேசான எடையைப் பல தடவை தூக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். குணமாக மாதக்கணக்கில் ஆனது. டிலோர்ம் கனமான எடையைக் கொடுத்து, வாராவாரம் அதைக் கூட்டினார். 1945இல் இதை எழுதியபோது 10 செட் வரை செய்ய வைத்தார். 1948இல் 3 செட் போதும் என்று குறைத்தார்.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ‘கூட்டினார்’ என்ற அந்த ஒரு வேலையை. மூன்று வருஷமாக அதே 2 கிலோ டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருப்பவர்களை எல்லா ஜிம்மிலும் பார்க்கலாம். தூக்கும் எடை, பத்தாவது தடவையில் ‘இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும்’ என்று தோன்ற வைக்க வேண்டும். பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். செட்டுக்கும் செட்டுக்கும் இடையே ஓரிரு நிமிடம் ஓய்வு. உட்கார்ந்து எழுவது, குனிந்து எடுப்பது, முன்னே தள்ளுவது, தன் பக்கம் இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது: இந்த ஐந்து அசைவில் உடம்பு முழுதும் அடங்கிவிடும்.

வீட்டில் செய்வதென்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டாலும் நல்ல ஆரம்பம். பிறகு பையில் அரிசிப் பொட்டலங்களைப் போட்டுச் சுமையைக் கூட்டலாம். பூங்காக்களில் மாநகராட்சி வைத்திருக்கும் கருவிகளில் உங்கள் உடம்பு எடைதான் சுமை. பலவற்றில் அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. மூட்டு இளகுவதற்கு அவை நல்லவை.

ஒரு எச்சரிக்கை. சேர்ந்த முதல் நாளே 200 பஸ்கி போட வைக்கும் ட்ரெய்னர்கள் இருக்கிறார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால், அது சாதாரண உடம்பு வலி அல்ல. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெண்கள் தூக்கினால் உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடாதா? கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார்களே?

முதல் பயம் தேவையில்லை. தசையைப் பெருக்க வைக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு ஆண்களின் அளவில் மிகச் சிறு பங்குதான் சுரக்கிறது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் கல் தூக்குகிறார்கள். தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையபடி அம்மாவாகவும் அத்தையாகவும்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவதை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. ஏற்கெனவே கர்ப்பப்பை இறக்கம் இருப்பவர்கள், தும்மினால் சிறுநீர் கசிகிறவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கித் தூக்கினால் தொல்லை அதிகமாகலாம். அவர்கள் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியிலிருந்து தொடங்குவது நல்லது. சிசேரியனோ கர்ப்பப்பை அகற்றலோ நடந்திருந்தால் குறைந்தது 6 வாரம் பொறுத்து, மருத்துவர் சம்மதித்த பிறகுதான் கனமான எடை. பிரச்சினை எதுவும் இல்லாதவர்களுக்குத் தடை ஏதுமில்லை.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இதில் தனி லாபம் இருக்கிறது. எலும்பு. ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகம் 58 வயது தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிப் பேர் வாரம் 2 நாள், தடவைக்கு 30 நிமிடம், நிபுணர் பக்கத்தில் நிற்க, டெட்லிஃப்ட், ஸ்குவாட் என்று கனமாகவே தூக்கினார்கள். 8 மாதத்தில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. நிபுணர் பக்கத்தில் நின்றார் என்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தேய்ந்த எலும்போடு தனியாக யூடியூப் பார்த்து டெட்லிஃப்ட் பழகுவது வேறு கதை.

பிரஷர், சுகர், இதயக் கோளாறு இருக்கிறது. ஜிம்மிலேயே விழுந்து இறப்பதாகச் செய்தி வருகிறதே?

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில் 46 வயதில் மறைந்தபோது, அன்று காலை அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற செய்தியே பலரை ஜிம்மிலிருந்து விரட்டிவிட்டது. பொதுவாகச் சொன்னால், நடுத்தர வயதில் இப்படி நேர்வதற்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ஏற்கெனவே இரத்தக் குழாயில் சேர்ந்திருந்த அடைப்பு. நம் நாட்டவர்களுக்கு அது சீக்கிரமே வருகிறது. அடைப்பு இருப்பது தெரியாமல், பழக்கமும் இல்லாமல், திடீரென்று உச்சத்துக்கு முயல்வதில்தான் ஆபத்து.

ஆகவே 40 தாண்டியவர்கள், சர்க்கரை, புகை, குடும்பத்தில் இதய நோய் என்று ஏதாவது இருந்தால், தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சழுத்தம், தலைசுற்றல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் ‘கேஸ்’ என்று தள்ளாமல் அங்கேயே நிறுத்துங்கள். இரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் முதலில் மருந்து, பிறகுதான் டம்பெல். கட்டுக்குள் இருப்பவர்களுக்கோ முறையான எடைப் பயிற்சி அழுத்தத்தைச் சராசரியாக 4/2 அளவுக்குக் குறைக்கிறது என்று அமெரிக்க இதய சங்கம் 2023இல் சொல்லியிருக்கிறது. மூச்சை அடக்கக் கூடாது: தூக்கும்போது விடுங்கள், இறக்கும்போது இழுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு இதைவிட நல்ல கூட்டாளி இல்லை என்பேன். சாப்பிட்ட பிறகு இன்சுலின் இரத்தத்திலிருந்து அனுப்பும் சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேருமிடம் தசைதான். தசை மெலிந்து தொப்பை மட்டும் வளர்ந்த உடம்பில் அந்த இடம் சுருங்கிவிடுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சர்க்கரை இறங்கிவிடாமல் கையில் கொஞ்சம் இனிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். விழித்திரையில் இரத்தக்கசிவு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் முக்கித் தூக்கக் கூடாது.

முழங்கால் தேய்மானம்?

தொடைத் தசை வலுவானால் மூட்டின் பாரம் குறையும். முழு பஸ்கி வேண்டாம். வலிக்காத ஆழம் வரை போதும்.

பையன் 13 வயசு. தூக்கினால் உயரம் நின்றுவிடுமாமே?

நிற்காது. எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டை முறையான பயிற்சி கெடுப்பதில்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடும்கூட. பக்கத்தில் தெரிந்தவர் நிற்க வேண்டும், சரியான முறை கைவந்த பிறகே எடை ஏற வேண்டும். யார் அதிகம் தூக்குகிறார்கள் என்று நண்பர்களோடு பந்தயம் கட்டுவதைத்தான் தடுக்க வேண்டும்.

புரோட்டீன் பவுடர் கட்டாயமா?

இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினசரி வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பயிற்சி செய்யும் முதியவர்களுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே போகலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவுதான். முட்டைக்கு 6 கிராம் கிடைக்கும். சுண்டல், சோயா, மீன், கோழி, தயிர் எல்லாம் இருக்கின்றன. சோற்று மலையின் மேல் பருப்பைத் தேட வைக்கும் சாம்பாரை ஊற்றிவிட்டுப் புரதம் சாப்பிட்டதாக நினைப்பதுதான் நம் சிக்கல். அதைச் சரிசெய்ய முடியாதவர்களுக்குப் பவுடர் ஒரு வசதி, அவ்வளவே. அந்த 1994 பாஸ்டன் ஆய்வில் பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு ஏறவில்லை.

பவுடரோடு ‘ஒரு ஊசி போட்டுக்கலாம் தம்பி’ என்று யாராவது ஆரம்பித்தால், அந்த ஜிம்மையே மாற்றிவிடுங்கள். ஸ்டீராய்டு இதயத் தசையைத் தடிக்க வைக்கும், விந்தகங்களைச் சுருங்க வைக்கும், குழந்தைப்பேற்றைக் கெடுக்கும்.

நடுவில் நிறுத்தினால் தசையெல்லாம் கொழுப்பாக மாறிவிடுமா?

மாறாது, தசை வேறு, கொழுப்பு வேறு. தசை குறையும், பழைய பசியோடு சாப்பிட்டால் கொழுப்பு தனியாகச் சேரும். வலு மட்டும் வேகமாக இறங்கும்: அந்த 90 வயதுக்காரர்கள் நிறுத்திய 4 வாரத்தில் தங்கள் அதிகபட்ச வலுவில் 32 சதவீதத்தை இழந்தார்கள். ஊர்த் திருவிழா, காய்ச்சல், பேத்தி கல்யாணம் என்று ஒரு மாதம் விட்டுப்போனால் பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை எடுத்துக்கொண்ட காலம் இரண்டாம் தடவை ஆகாது.