8 மாத நாய் சொன்ன பேச்சு கேட்கவில்லையா? அடிக்காதீர்கள், அவிழ்த்து விடாதீர்கள்! பாடம் படிக்க வேண்டியது நாய் மட்டும் அல்ல!

சிவகிரி:-

குட்டியாக இருந்தபோது கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது. "உட்கார்" என்றால் உட்கார்ந்தது. 8 மாதம் ஆனதும் அதே நாய் திரும்பிக்கூடப் பார்ப்பது இல்லை!

செருப்பைக் கடித்துக் குதறுகிறது. வாசலில் சைக்கிள் போனால் விரட்டுகிறது. பால்காரரைக் கண்டால் பாய்கிறது. வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார். அது காதிலேயே போட்டுக்கொள்வது இல்லை.

கடைசியில் என்ன நடக்கிறது?

சிலர் அதைக் கட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப் போடுகிறார்கள். இன்னும் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இறக்கி விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கழுத்தில் பட்டையோடு பஸ் நிலையத்தில் திரியும் நாயைப் பார்த்தால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

ஆனால் அந்த நாய் கெட்டுப்போன நாய் அல்ல. அதற்கு வயசு அப்படி!

விடலைப் பருவம்

பையன்களுக்கு மீசை அரும்பும்போது ஒரு முறுக்கு வரும் அல்லவா? நாய்க்கும் அது உண்டு. சுமார் 6 மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது, சில நாய்களுக்கு 2 வயது வரைகூட இருக்கும்.

இதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்து விட்டார்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் நடத்திய ஆராய்ச்சி 2020-ம் ஆண்டு வெளிவந்தது. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டுவதற்காக வளர்க்கப்பட்ட 69 நாய்களுக்கு, 5 மாதத்தில் ஒரு தடவையும், 8 மாதத்தில் ஒரு தடவையும் "உட்கார்" என்று கட்டளை போட்டார்கள்.

5 மாதத்தில் கேட்ட பேச்சை 8 மாதத்தில் கேட்கவில்லை. அதிலும் ஒரு வேடிக்கை! முன்பின் தெரியாத ஆள் சொன்னால் உட்கார்ந்தன. சோறு போட்டு வளர்த்தவர் சொன்னால்தான் அடம் பிடித்தன!

அப்பா சொன்னால் முறைக்கிற பையன், வாத்தியார் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே, அதே கதைதான்.

ஒரு வயது நெருங்கியபோது நாய்கள் மறுபடியும் பேச்சுக் கேட்கத் தொடங்கியதாக வளர்த்தவர்களே சொன்னார்கள். ஆக, இது வந்து போகிற பருவம். பொறுத்துக்கொண்டு பழக்கியவருக்கு நாய் மிஞ்சும். பொறுக்காதவருக்குச் சங்கிலிதான் மிஞ்சும்.

"நாட்டு நாய்க்குப் படிப்பு ஏறாது"

சிவகிரிக்கு நாய் புதிது அல்ல. தென்காசி ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே போனால் ராஜபாளையம். வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக நிற்கும் அந்த ஊர் நாயின் படம், 2005-ம் ஆண்டு தபால் தலையிலேயே வந்தது. கிழக்கே போனால் சிப்பிப்பாறை. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றி வந்தால் முதலில் குரல் கொடுப்பது நாய்தான்.

இந்த நாய்களுக்குக் கண் கூர்மை. தூரத்தில் ஏதாவது ஓடினால் கால் தானாகப் பறக்கும். பிறவிக் குணம் அது. பன்றியை விரட்டும்போது "சபாஷ்" என்கிறோம். சைக்கிளை விரட்டும்போது உதைக்கிறோம். எதை விரட்டலாம், எதை விரட்டக்கூடாது என்று நாய்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"நாட்டு நாய்க்குப் படிப்பு ஏறாது" என்று சிலர் சொல்வது உண்டு. அது தப்பு. 2024-ல் லக்னோவில் நடந்த அகில இந்திய போலீஸ் போட்டியில், மோப்பம் பிடித்துத் தடம் காணும் பிரிவில், எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற நாய் வெளிநாட்டு ஜாதி நாய்களை முந்தியது. ரியா, கர்நாடகத்து முதோல் வேட்டை நாய். நம்ம சிப்பிப்பாறை போலவே ஒல்லி உடம்பு, நீண்ட கால்!

வகுப்பில் நடப்பது என்ன?

நாய்களைக் கூட்டமாக நிறுத்திப் பழக்கும் முறை இன்று நேற்று வந்தது அல்ல. அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி, "பூடில்" என்ற சடை நாய்களை வளர்த்தார். "அது அழகுக்குத்தான் லாயக்கு" என்று ஊரார் கேலி பேசினார்கள். அவர் 1933-ம் ஆண்டு நாய்களுக்கு ஒரு கீழ்ப்படிதல் போட்டியே நடத்திக் காட்டினார். அதன் பிறகு ஊர் ஊராகப் பயிற்சி வகுப்புகள் பெருகின.

இப்போது நம் நாட்டுப் பெரிய நகரங்களிலும் பணம் கட்டிச் சேரும் வகுப்புகள் நடக்கின்றன.

ஆறு, ஏழு நாய்கள். ஆளுக்கு ஒரு நாய். ஒன்றுக்கொன்று நாலு, ஐந்து கெஜம் இடைவெளி. உட்கார், படு, அங்கேயே இரு, வா, பக்கத்திலேயே நட. இந்த ஐந்துதான் பாடம்.

"இதை வீட்டிலேயே செய்யலாமே?" என்று கேட்கலாம். வீட்டில் எந்த நாயும் உட்காரும். எதிரில் இன்னொரு நாய் நிற்கும்போது உட்காருகிறதா என்பதுதான் கேள்வி. கடைத்தெருவில் சந்திக்கப்போவது அதைத்தானே!

முதல் நாள் அமளியாகத்தான் இருக்கும். ஒன்று குரைத்தால் எல்லாம் குரைக்கும். குரைக்கிற நாயை வாத்தியார் அடிப்பது இல்லை. பின்னால் தள்ளிக் கொண்டு போகச் சொல்வார். எவ்வளவு தூரத்தில் அது மற்ற நாயை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதோ, அதுதான் அந்த நாயின் தொடக்கக் கோடு. கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு முன்னால் நகரும்.

சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே கூலி. வேர்க்கடலை அளவு வெந்த கோழிக்கறி போதும். அரை நிமிஷம் கழித்துக் கொடுத்தால், எதற்குக் கொடுத்தார் என்று நாய்க்குப் புரியாது.

பாடம் யாருக்கு?

வாத்தியாருக்குப் பெரிய தலைவலி நாய் அல்ல. கூட வருகிற ஆள்தான்!

"உட்காரு... உட்காருடா... ஏய், சொல்றேன்ல... உட்காரு!" ஐந்தாவது தடவை நாய் உட்காருகிறது. அது படித்துக்கொண்ட பாடம், "நாலு தடவை சும்மா சொல்வார், ஐந்தாவது தடவை உட்கார்ந்தால் போதும்" என்பது.

வீட்டில் அப்பா "உட்கார்" என்கிறார். மகன் "சிட்" என்கிறான். பாட்டி "சும்மா கிட" என்கிறார். நாய் எதைக் கேட்கும்? ஒரு வேலைக்கு ஒரு சொல். அதை ஒரே ஒரு தடவை. இதுதான் வளர்ப்பவருக்கு முதல் பாடம்.

இரண்டாவது பாடம், கூப்பிட்டு அடிக்கக்கூடாது. "வா" என்று கூப்பிட்டு, வந்ததும் முதுகில் ஒன்று போட்டால், அடுத்த தடவை அது எதற்கு வரும்? தப்பே செய்திருந்தாலும், கூப்பிட்டு வந்த நாய்க்குத் தட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். அடி வாங்கிய நாய் அடங்கினது போலத் தெரியும். உள்ளே பயம் வளரும். பயந்த நாய்தான் ஒரு நாள் கடிக்கும்.

மூன்றாவது, தினமும் வீட்டுப் பாடம். ஐந்து நிமிஷம் வீதம் மூன்று வேளை. வாரம் ஒரு நாள் வகுப்புக்கு வந்துவிட்டு, மீதி ஆறு நாளும் கட்டிப் போட்டால் பலன் இல்லை.

காதைப் பாருங்கள்!

ஒரு முக்கியமான விஷயம். சுத்த வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இது தெரியாமல் "திமிர் பிடித்த நாய்" என்று அடிப்பது கொடுமை.

நாய் உங்களைப் பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டுங்கள். காது அசையவே இல்லை என்றால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். காது கேட்காத நாயையும் கை ஜாடையில் பழக்கலாம்.

சட்டம் சும்மா விடாது

வளர்த்த நாயைத் தகுந்த காரணம் இல்லாமல் கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நடக்க விடாமல் எப்போதும் கட்டியே போடுவதும் குற்றம். முதல் தடவை அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்தான்! ஆனால் 3 வருஷத்துக்குள் மறுபடியும் செய்தால் 3 மாதம் வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம்.

உங்கள் நாய் பிறரைக் காயப்படுத்தாமல் காக்கத் தவறினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 291-வது பிரிவு பாயும். 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே!

"சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது, ஐயா" என்று கோர்ட்டில் சொன்னால் எடுபடாது.

நாலு பேர் போதும்

வகுப்புக்காகப் பட்டணத்துக்குப் போக முடியாதே என்று சிறு ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம். நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து, விடியற்காலையில் ஒரு வெட்டவெளியில் கூடினால் அதுவே வகுப்பு.

வெறிநாய்த் தடுப்பூசி போட்ட நாயை மட்டும் கொண்டு வர வேண்டும். பருவத்துக்கு வந்த பெட்டை நாயை அந்த நாட்களில் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். "வா" என்ற பாடத்துக்கு 10 மீட்டர் நீளக் கயிறு வேண்டும். பாடம் முழுசாகப் படியும் வரை கயிற்றை அவிழ்க்கவே கூடாது. ஏற்கனவே ஆளைக் கடித்த நாயைக் கூட்டத்துக்குக் கொண்டுவராமல், முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் அப்பிக்கொண்டு உட்காராதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

குட்டியாக வாங்கி வரும்போது பிள்ளைகள் அதற்கு ஆசையாகப் பேர் வைக்கிறார்கள். 8 மாதத்தில் ஊருக்கு வெளியே இறக்கி விட்டாலும், நாய்க்கு அந்தப் பேர் மறக்காது. வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

இன்னும் ஒரு பத்து மாதம் பொறுத்திருந்தால், அதே நாய் உங்கள் வாசலில் காவலுக்குப் படுத்திருக்கும்!