அந்தமானுக்கு வீடு மாற்றும்போது

சென்னையிலிருந்து அந்தமான் தலைநகரான போர்ட் பிளேருக்குக் கடல்வழி 1,350 கி.மீ.க்கும் மேல். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாறியது. பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். விமானத்தில் ஆட்கள் இரண்டரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். சாமான்கள் கப்பலில்தான் போகவேண்டும், அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பருவத்தை. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆண்டு மழை 3,000 மி.மீ. அளவில், சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். புயல் சின்னம் உருவானால் கப்பல் தேதியும் தள்ளிப்போகும். ஜனவரி, பிப்ரவரியில் கடல் அமைதியாக இருக்கும். ஏப்ரலில் தொடங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளி ஆண்டுக்கும் அது தோதாக அமையும்.

எதைக் கொண்டுபோவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 20 அடி கன்டெய்னரின் உட்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான்கள் அதில் அடங்கிவிடும். இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஏற்றுவது வீண். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரி ஈரக்காற்றை உறிஞ்சி ஓரங்களில் உப்பும். பிறகு கீல் திருகு பிடிக்காது, கதவு தொங்கும். பெயின்ட் உரிந்த இரும்பு பீரோவில் உப்புக் காற்று பட்டால் துரு வேகமாகப் பரவும். பட்டுப்புடவை, தோல் செருப்பு, புத்தகம், கேமரா லென்ஸ் எல்லாவற்றிலும் பூஞ்சை படரும். தேக்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளாஸ்டிக், பருத்தித் துணி ஆகியவை தாக்குப்பிடிக்கும். பழைய சோபாவை விற்றுவிட்டுப் போவதே லாபம்.

கேஸ் சிலிண்டரைச் சாமானோடு ஏற்ற முடியாது. இணைப்பை ஒப்படைத்து, ரசீது வாங்கி, அங்கே புதிதாகப் பதிய வேண்டும். வண்டியைக் கொண்டுபோனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும்; 12 மாதங்களுக்கு மேல் அங்கே ஓடினால் மறுபதிவும் கட்டாயம்.

வாடகை வீடு பார்க்கையில் தண்ணீர்த்தொட்டியின் அளவைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இவ்வளவு மழை பெய்தும் கோடையில் அங்கே குழாய்த் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும். மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. இணையம் முன்பு செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் நிலைமை வெகுவாகத் தேறிவிட்டது. காய்கறியில் ஒரு பகுதி கப்பலேறி வருவதால் விலை கூடுதல்தான்.

கன்டெய்னர் வந்து சேரும் வரை சமாளிக்க நாலு பாத்திரம், பாய், மருந்து, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அசல் ஆவணங்கள் ஆகியவற்றைக் கையோடு விமானத்தில் எடுத்துச் செல்வதே உத்தமம்.